அவியா யாருங்க?

கரிசல் காட்டில் மழை இப்படித்தான்... வராத நாளெல்லாம் ஏங்க வைக்கும், வந்த நாளில் நடக்க விடாது. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே கல்யாணசுந்தரி குடையை விரித்தாள். ஒருவன் ஓடி வந்து அதற்குள் பாதித் தலையை நுழைத்தான். ஷூ இரண்டிலும் சகதி அப்பி, செங்கல் கனத்துக்கு ஆகியிருந்தது.

"ஸாரிங்க... போன்ல விவரம் கேட்டு எழுதுற கம்ப்யூட்டர் சென்டர் எங்க இருக்கு?"

மெட்ராஸ் பேச்சு!

"எதுக்கு?"

"அங்க கல்யாணசுந்தரின்னு ஒரு பொண்ணு. நல்லா திட்டணும்."

அவளுக்குச் சிரிப்பு முட்டியது. "வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன். நல்லா ஏசுங்க."

ஒரே குடை. ஆளுக்கொரு தோள் நனைந்தது. ஓரக்கண்ணால் பார்த்தாள்... விடிய விடிய மூட்டை தூக்கினவனுடையது மாதிரி அவன் கண் சோர்ந்து கிடந்தது. ஏச வந்தவனுக்கு இவ்வளவு பாவமான கண்ணா!

சென்டர் மாடியேறித் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். "ம்... ஆரம்பிங்க."

அவன் விழித்தான். "நீங்களா!"

அவன் பெயர் நவநீதகிருஷ்ணன். இன்ஷூரன்ஸ் எடுத்த கிராமத்துப் பெண்களைப் போனில் விசாரித்து விவரம் சரிபார்க்கும் வேலையை, அவனுடைய சென்னைக் கம்பெனிதான் இந்தச் சென்டருக்குக் கொடுத்திருந்தது. கணவர் பெயர் எழுத வேண்டிய கட்டம் பாதிக்குப் பாதி காலி. மாலைக்குள் வழி பிறக்காவிட்டால் வேலை வேறு ஊருக்குப் போய்விடும். இங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் எல்லாம் திரும்பத் தீப்பெட்டி ஒட்டும் ஆபீசுக்குத்தான். பசை காய்ந்த விரலோடு சோறு தின்ற நாளைச் சுந்தரி மறக்கவில்லை.

"பதிவு பண்ணின பேச்சை எல்லாம் கேட்டேன்" என்றான் அவன். "பதில் சொல்லியிருக்காங்களே! புதூர்ல அவியா, எட்டயபுரத்துல அவியா, இடைசெவல்லயும் அவியா... ஏன் எழுதாம விட்டீங்க? யாருங்க இந்த அவியா?"

ஆபீசே சிரிப்பில் குலுங்கியது. பக்கத்து சீட் சத்யபிரியா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். "ஏட்டி, பெரிய ஆளுட்டி அந்த அவியா... ஊருக்கு ஒரு பெண்டாட்டி!"

அவன் காது சிவந்துவிட்டது.

"அவியான்னா அவங்கன்னு அர்த்தம் சார்" என்றாள் சுந்தரி. "எங்க பக்கத்துப் பொம்பளைங்க புருஷன் பேரை வாயால சொல்ல மாட்டாவ."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

"ஒருக்க வேற சந்தேகம் கேட்டேன். 'சொன்ன வேலையை மட்டும் செய்யவும்'னு மெட்ராஸ்ல இருந்து பதில் வந்துச்சு. எனக்கென்னன்னு வாயை மூடிட்டேன்."

அவன் மேஜையைப் பார்த்துச் சொன்னான். "அதை எழுதினது நான்தான்..."

கோபப்பட ஆசைதான்... முடியவில்லை. வீம்புக்கு வாயை மூடியது அவளும்தானே? அந்த வீம்பு இத்தனை பேர் சோற்றில் மண் போடப் பார்க்கிறதே!

"பிள்ளை பேரைக் கேட்டுப் பாத்தேன் சார். இனிஷியல்தான் கிடைக்குது."

"பக்கத்து வீட்டுக்காரங்க சொல்வாங்களா?"

அவள் கண் மலர்ந்தது. "அட... கூவியே சொல்லுவாவளே!"

உடனே போன் போட்டாள். "அக்கா, பக்கத்துல யாரும் இருந்தா அவங்ககிட்ட போனைக் குடுங்க."

வந்த குரல் காதைக் கிழித்தது. "அவ மாப்பிளையா? வெயிலுமுத்து! பேருக்கேத்த கொதிப்பு!"

பின்னால் அந்த அக்கா சிரிக்கும் சத்தம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்... அந்தப் பார்வை தேவைக்கு மேல் கொஞ்சம் நின்றது.

கட்டங்கள் ஒவ்வொன்றாக நிறைந்தன. மாலையில் அவன் சென்னைக்குப் பேசினான். "தப்பு நம்ம பக்கமும் இருக்கு சார். நாம கேக்கல, அவங்க சொல்லல. இனிமே சந்தேகம் வந்தா நேரா என்கிட்டயே பேசட்டும்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தான். "வேலை இங்கதான்."

தலைச்சுமையை இறக்கி வைத்தவள் போல அவள் மூச்சு விட்டாள். சத்யபிரியா கை தட்டினாள். சுந்தரிக்குக் கண்ணீர்தான் வந்தது.

படி இறங்கும்போது மழை தூறலாகியிருந்தது. அவன் நின்றான்.

"இன்னும் ஒண்ணு... மனசுல வச்சுக்கிட்டு பஸ் ஏற முடியல. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க."

தூறலுக்குள் அவள் முகம் சூடானது. காலையில் வந்தவன்... சாயங்காலத்துக்குள் இப்படியா! ஆனால் மனசு மறுக்கவில்லையே...

"எனக்குந்தான்" என்றாள், அவன் முகம் பார்க்காமல். "அதை என்கிட்ட மட்டும் சொன்னா போதுமா? மழைன்னு அப்பா இன்னைக்கு வீட்டுலதான் இருக்காவ. வந்து கேளுங்க."

"இப்பவேவா?"

"பின்ன? மெட்ராஸ் பஸ் நாளைக்கும் உண்டு."