முப்பத்தொரு டிகிரி

காலையில் அவள் வைத்துவிட்டுப் போன தண்ணீர் ஒரு வாய்கூடக் குறையாமல், டம்ளரின் விளிம்பு வரை அப்படியே இருந்தது. காய்ச்சல்காரன் குடிக்காமல் கிடப்பது ஒன்றும் உலக அதிசயமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பிராணிகள் மருத்துவமனையின் மருந்து வாடை இன்னும் போகாத கைகளைச் சேலையில் துடைத்தாள்.

உள்ளே கணவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். இத்தனை புழுக்கத்திலும் மின்விசிறி நின்றிருந்தது.

"ஏங்க, ஃபேன் போடட்டுமா?"

"வேண்டாம். காத்து பட்டா தொண்டை என்னமோ பண்ணுது." குரல் கரகரத்தது. "கை வேற மரத்துப்போச்சு. தடியன் கடிச்ச இடம்."

தடியன், தெருவிலிருந்து வந்து அவர்களோடு ஒட்டிக்கொண்ட நாய். ஒன்றரை மாதத்துக்கு முன் அதன் பிடரியில் உண்ணி மருந்து விடும்போது, ஒருநாளும் உறுமாத பிள்ளை, அவன் கையில் பல்லைப் பதித்துவிட்டது. மூன்றாம் நாள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது, திரும்பவில்லை. 'நான் ஊசி போட்டுக்கணுமா?' என்று அவன் கேட்டபோது, 'அதுக்கு வெறிநாய் ஊசி நானே போட்டிருக்கேன், பேசாம இருங்க' என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்ததோ.

அதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு சனிக்கிழமை, கைபேசிக்குச் சார்ஜ் போட மருந்து ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கியவள் அவள்தான். திரும்பச் செருக மறந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். திங்கட்கிழமை ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்ததும் வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. எட்டு டிகிரியைத் தாண்டக் கூடாத வெறிநாய்த் தடுப்பு மருந்து. தான் தொட்ட உச்சத்தை மறக்காமல் வைத்திருக்கும் வெப்பமானி, முப்பத்தொன்று என்றது. வேலை போய்விடுமே என்று வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிளக்கைச் செருகினாள். வெப்பமானியின் சின்னப் பொத்தானை அழுத்தினாள். முப்பத்தொன்று அழிந்துபோயிற்று.

புட்டிகள் எப்போதும்போலத் தெளிவாகவே இருந்தன. பதினான்கு புட்டி. மருந்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தன்னையே நம்பவைக்க, முதல் ஊசியைத் தடியனுக்குப் போட்டாள். மீதி பதின்மூன்றும் ஊரார் நாய்களுக்கு. தடுப்பூசி அட்டைகளில் தேதி எழுதி, புட்டியின் ஒட்டுத்தாளை உரித்து நேராக ஒட்டினாள்.

டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீர் தளும்பும் ஓசைக்கே அவன் கழுத்து நரம்புகள் புடைத்தன.

"கிட்ட கொண்டு வராதே."

கட்டில் மூலைக்கு நகர்ந்தான். வாயோரம் எச்சில் இழை. கண்கள் டம்ளர்மேல். தாகம். கையை நீட்டினான். தொண்டை இழுத்துக்கொண்டது. ஒரு சத்தம் வந்தது. அது அவன் குரல் இல்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. டம்ளரைக் கட்டிலருகே ஸ்டூலில் வைத்தாள்.

கைபேசி அடித்தது. மருத்துவமனை டாக்டர்.

"ஏம்மா, மாடி வீட்டு வெள்ளை நாய் அந்த வீட்டுப் பாப்பாவைக் கடிச்சிருச்சாம். இப்பதான். அட்டை தொலைஞ்சுபோச்சுன்னு இங்க வந்து நிக்கறாங்க. ஊசி நீதானே போட்டே? ஒழுங்கா போட்டிருந்தா நாயைப் பத்து நாள் பார்த்துக்கலாம். இல்லேன்னா பாப்பாவை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

பதினான்கில் ஒன்று. பாப்பாவுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கட்டில் சட்டத்தை அவன் நகம் பிறாண்டியது.

"போட்டாச்சு சார்," என்றது அவள் வாய். "ஒண்ணும் ஆகாது. பயப்படாதீங்க."

தன்னிடம்தான் சொல்கிறாள் என்று நினைத்து, அவன் தலையாட்டினான். நல்ல பிள்ளைபோல இரண்டு கையாலும் டம்ளரை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனான். பல்லில் பட்டு டம்ளர் தடதடவென்று ஆடியது. தண்ணீர் முழுவதும் மார்பில் கொட்டியது. கண்ணை அவள் முகத்திலிருந்து எடுக்காமல், காலி டம்ளரைக் கடித்துக்கொண்டே இருந்தான்.