கறுப்புக் காரில் வெள்ளைப் புள்ளிகள்

செல்போன் அலறியது!

பிராங்க்ளின் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். வாய் நிறைய நுரை. திரையில் தெரியாத நம்பர்.

விடிந்தும் விடியாததுமாகத் தெரியாத நம்பர் வந்தால் ஒன்று லோன் வேண்டுமா என்று கேட்பார்கள்... இல்லையென்றால் இழவுச் செய்தி.

இது இரண்டாவது.

"பிராங்க்ளின்ங்களா? ஆலங்குடியில காருக்குக் கோட்டிங் போடுற கடை ஒங்களுதுதானே?"

"ஆமாங்க. நீங்க?"

"இன்ஸ்பெக்டர் இளமதி."

நுரையை அப்படியே விழுங்கிவிட்டான்!

"டாக்டர் சிவரஞ்சனியோட கறுப்புக் கார் ஒங்க ஷெட்டுலயா நிக்குது?"

"ஆமாங்க மேடம். பழைய கோட்டிங் போயிருச்சு. தண்ணி ஊத்துனா உருண்டு ஓடாம அப்பிக்கிட்டு நின்னுச்சு. பாலிஷ் போட்டு அதை எடுத்துட்டு, முந்தாநேத்துதான் பெயின்ட்டு மேல புதுசா செராமிக் கோட்டிங் பூசுனேன்."

"நேத்து சாயங்காலம் அந்தக் கார் வெளியில போச்சா?"

"சான்ஸே இல்லீங்க! கோட்டிங் இறுகுற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது. நேத்து வேற மழை தூறிக்கிட்டே இருந்துச்சு. மத்தியானமே கார் சாவியை உள்ள வெச்சு, ஷட்டரை இறக்கிப் பூட்டிட்டேன்."

"ஷெட்டுச் சாவி?"

"ஒண்ணு எங்கிட்ட. இன்னொண்ணு என் மச்சினன் அமல்ராஜ்கிட்ட. அவன் தங்கம் மேடம்!"



"குணசேகரனைத் தெரியுமா? கல் குவாரி வேண்டாம்னு கோர்ட்டுக்குப் போனாரே... கறம்பக்குடி ரோட்டுல முந்திரித் தோப்புக்குள்ள செத்துக் கெடக்காரு. கழுத்துல துண்டு!"

"ஏசுவே..."

"நேத்து சாயங்காலம் தூறல்ல பஸ்ஸுக்கு நின்னவரை ஒரு கறுப்புக் கார் ஏத்திட்டுப் போயிருக்கு. டீக்கடைக்காரர் ஒருத்தர் நம்பரைப் பார்த்திருக்காரு. டாக்டரோட நம்பர். டாக்டரம்மாவைக் கேட்டா, 'என் கார் பிராங்க்ளின் ஷெட்டுல இருக்கு'ங்கிறாங்க. இப்ப நீங்க சொல்லுங்க... ஒங்க ஷெட்டுல இருந்த கார் எப்படிப் போச்சு?"

"தப்பாப் பார்த்திருப்பாரு மேடம்! வந்து பாருங்க, நேத்து வெச்ச எடத்துலயே நிக்கும்."

"வாரேன்."

லைன் செத்தது.

பைக்கை விரட்டினான் பிராங்க்ளின். ஷட்டரைத் தூக்கினான். விளக்கைப் போட்டான்.

கார் நின்றது. முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்பு!

அப்பாடா...

தொழில் பழக்கம் சும்மா இருக்க விடவில்லை. குனிந்து பக்கக் கண்ணாடிக்குக் கீழே பார்த்தான்.



கதவின் மேல் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். சுண்ணாம்பைத் தெளித்தது போல. புதுக் கோட்டிங்கில் தண்ணீர் வடிந்து, அப்படியே காய்ந்த தடம்.

கார் மழைக்குப் போய் வந்திருக்கிறது!

ஓடிப்போய் கூரையைப் பார்த்தான். பானெட்டைப் பார்த்தான். அங்கே ஒரு புள்ளி இல்லை. யாரோ பஞ்சுத் துணியால் ஒத்தி ஒத்தி ஈரத்தை எடுத்திருக்கிறார்கள். ஒரு கீறல்கூட விழவில்லை.

காரைத் திருடி ஓட்டுகிறவன் ஈரத்தோடு விட்டுவிட்டு ஓடுவான். இவன் கொலைக்குப் போய்விட்டு வந்து, அக்கறையாகத் துடைத்து வைத்திருக்கிறான்!

இந்தப் பக்குவம் ஆலங்குடியில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவன் பிராங்க்ளின். நேற்று சாயங்காலம் அவன் மனைவி பிரின்சியை ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டையில் இருந்தான்.

இன்னொருவன்...

பக்கக் கண்ணாடிக் கூட்டுக்குள் தங்கும் தண்ணீர் பிறகுதான் வடியும், அதையும் சேர்த்துத் துடை என்று எத்தனை தடவை சொன்னாலும் மறந்துவிடுகிறவன்.

"மச்சான்..."

தூக்கிவாரிப் போட்டது!

வாசலில் அமல்ராஜ். உள்ளே வந்தவன், ஷட்டரை இடுப்பு உயரத்துக்கு இறக்கினான். முகம் பேயறைந்தது போல இருந்தது.

"நீயா மாப்ள?" பிராங்க்ளின் புள்ளிகளைச் சுட்டினான்.

அமல்ராஜ் தடாலென்று காலில் விழுந்தான்.

"நாந்தான் மச்சான் காரை எடுத்துட்டுப் போனேன்! என்னை மன்னிச்சிருங்க!"

"அடப்பாவி! அந்த மனுசனைக் கொன்னியா?"

"அந்தோணியார் சத்தியமா நான் இல்ல! குவாரி முதலாளி வெள்ளைச்சாமிதான். 'குணசேகரன்கிட்ட சமாதானம் பேசணும், தோப்புக்குக் கூட்டிட்டு வா'ன்னாரு. ஊருக்கே தெரிஞ்ச டாக்டரம்மா கார்னதும் அவரும் சந்தேகப்படாம ஏறிட்டாரு. எறக்கி விட்டதும் வெள்ளைச்சாமி பின்னாடியே வந்து கழுத்துல துண்டைப் போட்டு இறுக்கிட்டாரு மச்சான்!"

"ஒனக்கு என்னடா கேடு? அவன் கூப்பிட்டா போயிருவியா?"

"புதுக்கோட்டையில தனியாக் கடை வெச்சுத் தர்றேன்னாரு..."

தனியா!

கொலையைக்கூடத் தாங்கிக்கொண்ட நெஞ்சு இந்த ஒரு சொல்லில் விரிசல் விட்டது. பிரின்சியைக் கட்டியபோது அமல்ராஜுக்கு அரைக்கால் சட்டை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. தன் தட்டிலிருந்து எடுத்துப் போட்டு வளர்த்து, தொழில் சொல்லிக்கொடுத்து, கடை போர்டில் தன் பேருக்குப் பக்கத்தில் அவன் பேரையும் எழுதி வைத்தவன் பிராங்க்ளின். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தால் வலி கொஞ்சமாகவா இருக்கும்?

"எந்திரி. போலீஸ் வருது. நடந்ததைச் சொல்லிருவோம்."

"அய்யோ, வேணாம் மச்சான்! அந்தப் புள்ளிய மட்டும் எடுத்துருங்க. கார் வெளியிலயே போகலன்னு ஆயிரும். எனக்குக் கை நடுங்குது, நீங்கதான் எடுக்கணும். அக்கா வயித்துல புள்ளையோட இருக்கு... நான் ஜெயிலுக்குப் போனா அது தாங்குமா?"

தப்பு. பிராங்க்ளினுக்குத் தெரியும். செத்துக் கிடப்பவரும் யாரோ ஒருத்தியின் புருஷன்தான்.

ஆனால் காலைக் கட்டிக்கொண்டு அழுவது அவன் தூக்கி வளர்த்த பிள்ளையாயிற்றே!

அலமாரியைத் திறந்தான். கறை எடுக்கிற பாட்டிலை எடுத்தான். துணியை எடுத்தான். மண்டியிட்டான்.

"நான் வெளியில நின்னு பார்த்துக்கிறேன் மச்சான்..." அமல்ராஜ் ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியேறினான்.

முதல் புள்ளியில் துணி பட்டது. புள்ளி மறைந்தது.

அப்போதுதான் வெளியே அந்தக் குரல்!

"மேடம்! வந்துட்டீங்களா? சீக்கிரம் வாங்க! நான் போன்ல சொன்னேன்ல... எங்க மச்சான் உள்ளதான் காரைத் துடைச்சுத் தடயத்தை அழிக்கிறாரு! கையும் களவுமாப் பிடிங்க!"

துணி நழுவி விழுந்தது.

ஷட்டர் தடதடவென்று மேலே போனது. வாசலை அடைத்துக்கொண்டு இளமதி. பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள்.

"அக்கா புருஷன்னுகூடப் பாக்காம சொல்றேன் மேடம்!" அமல்ராஜ் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "நேத்து சாயங்காலம் இவருதான் காரை எடுத்துட்டுப் போனாரு! என் வாயை அடைக்கப் பார்த்தாரு!"

"மாப்ள..."

"மாப்ளயாவது மண்ணாவது! கொலைகாரன்!"

பிராங்க்ளின் எழவில்லை.  கையில் பாட்டில், காலடியில் துணி. புதுக்கோட்டையில் இருந்தேன் என்று சொல்ல ஸ்கேன் சென்டரே சாட்சி. ஆனால் யாருக்காக இனித் தப்பிக்க வேண்டும்? பெற்ற பிள்ளை போல நினைத்தவன் குழி பறித்துவிட்டானே!

இரண்டு கைகளையும் நீட்டினான். "கூட்டிட்டுப் போங்க மேடம்."

இளமதி அந்தக் கைகளைப் பார்க்கவே இல்லை.

"அமல்ராஜ்... நீ எனக்குப் போன் பண்ணப்ப நான் எங்க இருந்தேன்னு நெனச்ச?"

"தோப்புல... பொணத்துகிட்ட..."

"ஜீப்புதான் தோப்புல நிக்குது. நாங்க ரெண்டு பைக்ல வந்து, பின் சந்துல இருக்குற அந்த டீக்கடையில சாட்சியை விசாரிச்சிக்கிட்டு இருந்தோம். 'மச்சான் காரைத் துடைக்கிறாரு, ஓடி வாங்க'ன்ன. ஓடி வந்தேன். வந்து ஷட்டர் ஓரமா மறைஞ்சு நின்னு கேட்டா... உள்ள யாருமே துடைக்கலியே!"

அமல்ராஜின் அழுகை பட்டென்று நின்றது.

"ஒருத்தன் கால்ல விழுந்து, 'நாந்தான் காரை எடுத்துட்டுப் போனேன்'னு கதறிக்கிட்டு இருந்தான். கான்ஸ்டபிள் செல்போன்ல அப்படியே பதிஞ்சுட்டாரு. வெள்ளைச்சாமி வீட்டுக்கும் ஆள் போயாச்சு!"

அமல்ராஜ் கையில் விலங்கு மாட்டும் சத்தம். கிளிக்!

பிராங்க்ளினுக்கு இப்போதுதான் உறைத்தது.

"அப்ப... என்கிட்ட வந்து கேக்குறதுக்கு முன்னாடியே போன் போட்டுட்டியா?"

அமல்ராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் துடைக்க மாட்டேன்னு சொல்லியிருந்தா?"

"நீங்கதான்..." அமல்ராஜ் முனகினான். "எனக்கு எதுக்குமே மாட்டேன்னு சொன்னதில்லையே மச்சான்."

பாசத்தை நம்பியே தூண்டில் போட்டிருக்கிறான்! கொலைகாரன் என்று கத்தியபோது வராத கண்ணீர் பிராங்க்ளினுக்கு இப்போது வந்தது.

"ஒரு புள்ளிய அழிச்சிட்டீங்க," என்றாள் இளமதி, குரலைத் தாழ்த்தி. "மத்ததுல கை வெக்காதீங்க. நீங்களும் ஸ்டேஷனுக்கு வரணும். நடந்ததைச் சொல்லுங்க, பாக்கலாம்."

தலையாட்டினான்.

வாசல் தாண்டும்போது அமல்ராஜ் திரும்பினான். "மச்சான்... ஒங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்... அக்காகிட்ட மட்டும் சொல்லிராதீங்க!"

பிராங்க்ளின் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"நான் எதுக்குடா சொல்லப் போறேன்? முன்கூட்டியே போன் போட்டுச் சொல்றதுதான் ஒனக்குக் கை வந்த கலையாச்சே... அக்காவுக்கும் நீயே போட்டுச் சொல்லிரு!"