நாற்பதுக்கு இறங்கிய வெளிச்சம்

மூன்றாவது வரிசையின் கடைசித் தொட்டிக்கு மேல் போனைக் கொண்டுபோனபோது, திரையில் இருந்த எண் இருபதாயிரத்திலிருந்து நாற்பதுக்கு இறங்கியது.

காளீஸ்வரி போனை முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தாள். நாற்பதுதான். உச்சி வெயில் நேரம். தேவதானத்து மலைப்பக்கம் ஒரு பொட்டு மேகம் கிடையாது. மொட்டைமாடியில் கட்டியிருந்த பச்சை வலைக்கு அடியில் எல்லாச் செடிகள் மேலும் வெளிச்சம் ஒரே சீராகத்தான் விழுந்து கிடந்தது. அந்தக் கடைசித் தொட்டியின் இலைகூட எண்ணெய் தடவியதுபோல மினுங்கியது. கண்ணுக்கு வெளிச்சம். போனுக்கு இருட்டு.

அந்த வலைப்பந்தல், பட்டாளத்தில் இருக்கும் அவள் கணவன் லிங்கேஸ்வரன் போன விடுப்பில் வந்து கட்டிக்கொடுத்தது. வாங்கி வைத்த ஆர்க்கிட் செடிகள் எட்டு மாதமாக இலையாகவே நின்றன. செடி விற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் சிவரஞ்சனிதான் காலையில் போனில் வழி சொன்னாள்.

"வெளிச்சம் அளக்க ஒரு ஆப் இருக்குக்கா. போனை இலை மட்டத்துல மல்லாத்திப் பிடிங்க. இருபதாயிரம் காட்டுனா பூத்துரும். கொறஞ்சா, மேல ஏதோ மறைக்குதுன்னு அர்த்தம்."

காளீஸ்வரி அண்ணாந்து பார்த்தாள். வலை. வலைக்கு மேலே வெறும் வானம்.

தண்ணீர் ஊற்ற வரும் பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் அப்போது வாளியோடு மாடியேறி வந்தாள். அவள் போனிலும் அதே ஆப்பை இறக்கி, அதே தொட்டிக்கு மேல் பிடித்தார்கள். நாற்பது.

"போன் கோளாறு இல்லக்கா" என்றாள் காளீஸ்வரி.

வெள்ளத்தாய் நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டு, மயிர் சிலிர்த்திருந்த முழங்கையைத் தேய்த்துவிட்டாள்.

"ஏட்டி, இந்த எடத்துல மட்டும் எதுக்கு இப்படிக் குளிருது? நான் பொறவு வாரேன்."

வாளியைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனாள்.

காளீஸ்வரிக்கும் போய்விடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் எவ்வளவு தூரத்துக்கு இந்த இருட்டு என்று தெரியாமல் கீழே போய் எப்படிச் சோறு இறங்கும்? சுவரோரம் மகள் பானு போட்டுவிட்டுப் போயிருந்த சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு தரையில் குந்தினாள். போனைத் தரையோடு தரையாக நகர்த்தி, எண் சரிந்த இடத்திலெல்லாம் ஒரு புள்ளி வைத்தாள். சுட்ட சிமெண்டின் நெடிக்கு நடுவே, ஊறிக்கிடந்த கோணியின் வாடை ஒன்று வந்து வந்து போனது. எங்கோ விசைத்தறி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கால்மணி நேரம் போயிருக்கும். எழுந்து நின்று புள்ளிகளைக் கோடாகச் சேர்த்துப் பார்த்தாள்.

தலை. தோள். இரண்டு கை.

நிழல்.

அவளுடைய நிழல் உச்சி வெயிலில் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. இது இரண்டு ஆள் நீளம். ஒரு கை மட்டும் மாடிப்படிக் கதவைப் பார்த்து நீண்டிருந்தது.

குனிந்து போனை அந்தப் புள்ளிகளுக்குள் வைத்தாள். இருபதாயிரம். தலையில் வைத்தாள். இருபதாயிரம். தோளில். இருபதாயிரம்.

அது இப்போது அங்கே இல்லை.

கதவருகே வைத்தாள். நாற்பது. முதல் படியில் வைத்தாள். நாற்பது. வைத்த கையை எடுக்குமுன் எண் கிடுகிடுவென்று ஏறியது. இரண்டாம் படியில் நாற்பது. மூன்றாம் படியில் நாற்பது.

இறங்கிக்கொண்டிருக்கிறது.

கீழே பானு தூங்குகிறாள்.

எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. படியில் ஓரிடத்தில் மட்டும் கிணற்றுக்குள் விழுந்ததுபோல உடம்பு குளிர்ந்தது. அதைத் தாண்டி ஓடி, கூடத்துக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

ஐந்து வயதுப் பானு, ஜன்னல் வெளிச்சம் விழுந்த பாயில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். காளீஸ்வரி அவள் பக்கத்தில் மண்டியிட்டு, போனைத் தலையணையோரம் வைத்தாள்.

மூவாயிரத்து இருநூறு.

மூச்சு வந்தது. எண் அப்படியே நின்றது. பிள்ளையின் கன்னத்தில் வெளிச்சம். கதவில் தாழ்ப்பாள்.

மூவாயிரத்து நூறு.

இரண்டாயிரம்.

ஒரேயடியாக விழவில்லை. மெல்ல, மெல்ல. யாரோ நிதானமாகக் குனிவதுபோல.

எண்ணூறு. இருநூறு.

"பானு... எந்திரி ஆத்தா" என்று சொல்ல வாயெடுத்தாள். நாக்கு அசையவில்லை. கை அசையவில்லை.

நாற்பது.

பானு கண்ணைத் திறக்கவில்லை. தன்னை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கும்போது தூக்குவதுபோலவே இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள். சிரித்தாள். அவள் முதுகு பாயைவிட்டு எழும்பியது, பிறகு இடுப்பு, பிறகு குதிகால்.

காளீஸ்வரியின் இரண்டு கைகளும் இன்னும் தரையில்தான் ஊன்றியிருந்தன.