எந்த லினக்ஸ்... யூ-ஃபாங்?

கதவைத் திறந்ததும் யூ-ஃபாங்கின் கையிலிருந்த சோயாபால் டம்ளர் நழுவியது.

"தெங்...!"

அந்த அலறல் மூன்றாவது மாடி முழுவதும் கேட்டது.

சர்வர் அறையின் தரையில் குப்புறக் கிடந்தான், அவளோடு வேலை பார்க்கும் தெங். வலதுகை விரல்கள் கதவை நோக்கி நீண்டிருந்தன. நகங்களில் ரத்தம்!

மேலே சிவப்பு விளக்கு சுழன்றுகொண்டிருந்தது. தீயணைப்பு வாயு சிலிண்டர் காலி!

தீப்பிடித்தால் அறைக்குள் வாயுவைப் பீய்ச்சும் ஏற்பாடு அது. நெருப்பு மூச்சு முட்டி அணையும். உள்ளே ஆள் இருந்தால்... ஆளும்!

ஆனால் நெருப்பே பிடிக்கவில்லை.

அரைமணி நேரத்தில் ஷின்ச்சு நகரத்து ஜூன் வெயிலோடு போலீசும் உள்ளே நுழைந்தது. துப்பறியும் அதிகாரி நியே. நாற்பது வயதுப் பெண்மணி. குட்டை முடி, நீளமான பார்வை.

"நேத்து சாயங்காலம் வெளியில இருக்கற வாயு லீவரை யாரோ இழுத்திருக்காங்க. கதவையும் பூட்டியிருக்காங்க. கைரேகையையும் சுத்தமா துடைச்சிருக்காங்க." நியே நோட்டுப்புத்தகத்தைப் புரட்டினாள். "இவர் கழுத்துல எப்பவும் ஒரு சங்கிலி இருக்குமாமே?"

"ஆமா மேடம். அதுல ஒரு பென் டிரைவ் தொங்கும். சர்வருக்குள்ள நுழையற அவரோட சாவி," என்றாள் யூ-ஃபாங்.

"அது காணோம்."



நியே செல்போன் திரையை அவள் முகத்துக்கு நேராக நீட்டினாள். "இது... நீங்க அவருக்கு அனுப்பினதுதானே?"

'இன்னொரு தடவை டெபியன்னு வாயைத் திறந்தே... கொன்னுடுவேன்!'

"ஐயோ மேடம்! டெபியன்ங்கறது ஒரு லினக்ஸ்..."

"ஒரு லினக்ஸா? மொத்தம் எத்தனை?"

"முந்நூறு, நானூறு இருக்கும்..."

"எல்லாத்துக்கும் கொலைதானா?"

"இல்ல மேடம்! லினக்ஸ்னா கம்ப்யூட்டரை ஓட்டற மென்பொருள். மாட்டுக்கறி நூடுல்ஸ் மாதிரிதான். நூடுல்ஸ் ஒண்ணுதான். கடைக்குக் கடை சூப்பு வேற. அவனவன் சூப்புதான் உசத்தின்னு அடிச்சுக்குவான். மூணு வருஷமா நானும் தெங்கும் சண்டை போட்டோம். ஆனா மத்தியானம் ஒரே டப்பாவுலதான் சாப்பிட்டோம்..."



நியே நோட்டுப்புத்தகத்தை மூடினாள். "ஊரை விட்டு எங்கேயும் போகாதீங்க."

பழைய சர்வரை சாட்சிப் பொருள் என்று போலீஸ் கழற்றிக்கொண்டு போனது. முதலாளி பாங் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மூவாயிரம் பேருடைய கிரிப்டோ நாணயங்களைப் பாதுகாத்து வைக்கும் கம்பெனி. சர்வர் இல்லை என்றால் ஒருத்தரும் தன் நாணயத்தைத் தொட முடியாது. விஷயம் வெளியே கசிந்தால் மூவாயிரம் பேரும் வாசலில்!

"வியாழக்கிழமைக்குள்ள புது சர்வர் எழுந்து நிக்கணும்!" என்றார் பாங். "உபுண்டு லினக்ஸ் போடு. தைச்சுங்ல என் சிநேகிதன் அதுதான் போட்டிருக்கான்."

"அவர் என்ன தொழில் பண்றார் சார்?"

"ஸ்கூட்டர் ஷோரூம்."

யூ-ஃபாங் பல்லைக் கடித்துக்கொண்டு உபுண்டுவை ஏற்றினாள். பாதி வேலையில் பங்குதாரர் ஷி வந்து நின்றார். முதலாளியின் மச்சான். எந்த வேலையும் தெரியாது... அபிப்பிராயம் மட்டும் மூட்டை மூட்டையாக உண்டு!

"உபுண்டுவா? யாரு சொன்னா? ராக்கி போடும்மா. பெரிய பெரிய கம்பெனியெல்லாம் அந்த வகைதான்!"

அழித்தாள். ராக்கியை ஏற்றினாள்.

பாங் வந்தார். "என் பேச்சுக்கு இங்க மரியாதையே இல்லையா?"

அழித்தாள். மறுபடி உபுண்டு.

"அத்தான் கெடக்கார்... அவருக்கு டிவி ரிமோட்டே தெரியாது!" என்றார் ஷி.

அழித்தாள்!

புதன்கிழமை மதியம் நான்காவது தடவையாக வெறும் திரை அவளைப் பார்த்து இளித்தது. சர்வரின் தலையில், ஒழுங்காக ஓடட்டும் என்று தெங் வழக்கமாக வைக்கும் பச்சை சோளப்பொரிப் பொட்டலத்தை அவளே வைத்தாள். பிறகு நெற்றியை மேஜையில் முட்டிக்கொண்டாள்.

"சாப்பிட்டாச்சா யூ-ஃபாங்?"

நிமிர்ந்தாள். இன்ஷூரன்ஸ் மதிப்பீட்டாளர் லியாவ். ஐம்பது வயது, சாந்தமான முகம், கையில் இரண்டு பால் டீ. தெங்கின் மரணத்துக்கான காகிதங்களைத் தயார் செய்ய இரண்டு நாளாக இங்கேதான் இருக்கிறார். அந்த ஆபீசிலேயே அவளை மனுஷியாக மதித்த ஒரே ஆள்.

"எங்கே லியாவ் அண்ணா சாப்பிடறது? செத்தவனுக்காக அழக்கூட விடமாட்டேங்கறாங்க. உபுண்டு, ராக்கி, உபுண்டு, ராக்கி... பைத்தியம் பிடிச்சிடும்!"

"எனக்கு இதெல்லாம் புரியாதும்மா." டீயை அவள் பக்கம் நகர்த்தினார். "கடைசியா எதுன்னு முடிவு பண்ணே?"

டெபியன் என்றுதான் முடிவு செய்திருந்தாள். 'அது பழசுதான். ஆனா மக்கர் பண்ணி லீவு நாள்ல உன்னைக் கூப்பிடாது' என்பான் தெங். மூன்று வருடம் எதிர்த்தாள். மூன்று நாள் அழித்து அழித்துப் போட்டதில்தான் அவன் பேச்சு உறைத்தது.

ஆனால் உண்மையைச் சொன்னால் லியாவ் பாங்கிடம் உளறிவைப்பார். மறுபடி அழிக்க வேண்டும்... வாயில் வந்த வேறொரு லினக்ஸின் பெயரைச் சொன்னாள்.

"ஓப்பன்சூசே."

"நல்ல பேரு..." சிரித்துவிட்டுப் போனார்.

அன்று மாலை பாங்கிடம் போனாள். "நீங்க சொன்னபடியே உபுண்டு சார்." ஷியிடம் போனாள். "உங்க இஷ்டப்படி ராக்கி சார்." இருவருக்கும் பரம சந்தோஷம்!

டெபியனை ஏற்றினாள். பழைய சர்வரின் அமைப்புகளைக் காப்புப் பிரதியிலிருந்து அப்படியே நகலெடுத்தாள். உள்ளே நுழைய அனுமதி உள்ளவர்கள் பட்டியலில் தெங்கின் பெயரும் வந்தது.

அழிக்க விரல் போனது. மனம் வரவில்லை. விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை. காலை பத்து ஐம்பத்திரண்டு.

திரையில் ஒரு வரி முளைத்தது.

'தெங் உள்ளே வந்திருக்கிறார்.'

செத்தவன்... வந்திருக்கிறான்!

அடுத்த வரி. அவன் பெயரில் ஒரு கட்டளை. 'ஸிப்பர்...'

சர்வர் பதில் சொன்னது. 'அப்படி ஒரு கட்டளை இல்லை.'

மறுபடி 'ஸிப்பர்'. இல்லை. மூன்றாவது தடவை... இல்லை!

எந்த மென்பொருளையும் உள்ளே ஏற்ற லினக்ஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளை உண்டு. உபுண்டுவுக்கும் டெபியனுக்கும் ஒன்று. ராக்கிக்கு வேறு. ஸிப்பர் என்பது... ஓப்பன்சூசேவுக்கு மட்டும்தான்!

இந்த ஆபீசில் அதைப் போடச் சொல்லி யார் கேட்டார்கள்? யாருமே கேட்கவில்லை. அவள்தான் சொன்னாள். ஒரே ஒருவரிடம்.

அவள் நியேயின் எண்ணை அழுத்தினாள்.

"மேடம்... தெங்கோட சாவி இப்ப யார் கையில இருக்குன்னு எனக்குத் தெரியும்!"

பன்னிரண்டு நிமிடத்தில் நியே வந்துவிட்டாள். பாங்கின் அறையில் பாங், ஷி. மூலையில் தன் லேப்டாப்போடு லியாவ்.

"எல்லாருக்கும் ஒரே கேள்வி," என்றாள் நியே. "புது சர்வர்ல என்ன லினக்ஸ் ஓடுது?"

"உபுண்டு!" என்றார் பாங்.

"என்னது? ராக்கி!" என்றார் ஷி.

"மச்சான், வாயை மூடு!"

"நீங்க மூடுங்க அத்தான்!"

நியே கையை உயர்த்தினாள். மூலையைப் பார்த்தாள். "லியாவ் சார்... நீங்க?"

"எனக்கென்ன தெரியும் மேடம்? இந்தப் பொண்ணுதான் ஓப்பன்சூசேன்னு..."

சட்டென்று நிறுத்தினார். அறையில் மூன்று பெயர்கள் மிதப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அங்க ஓடறது அது இல்ல லியாவ் அண்ணா," என்றாள் யூ-ஃபாங். "உபுண்டுவும் இல்ல. ராக்கியும் இல்ல. அந்தப் பேரை நான் உங்க ஒருத்தர்கிட்டதான் சொன்னேன். இன்னிக்கு தெங் பேர்ல வந்தவன் அதை நம்பி வந்திருக்கான்."

"உளறாதே! நான் வெறும்..."

லேப்டாப்பை மூடிக்கொண்டு பாய்ந்தார் லியாவ். வாசலில் பாங் எழுந்து நின்றார். அவர் நின்றால் அங்கே வாசல் என்று ஒன்று கிடையாது. லியாவ் அவர் தொப்பையில் மோதிப் பின்னால் விழுந்தார்.

லியாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்து நியே எடுத்தாள்... ஒரு பென் டிரைவ். அறுந்த சங்கிலியோடு!

"போன மாசம் இன்ஷூரன்சுக்காக இந்த மாடியைப் பரிசோதிக்க வந்தது நீங்கதானே? அந்த லீவரைக்கூடச் சோதிச்சுப் பார்த்தீங்களாம்."

லியாவ் தரையைப் பார்த்துப் பேசினார். "நாணயத்தையெல்லாம் அள்ளிடலாம்னு சாவியை நகல் எடுக்கப் பார்த்தேன். தெங் கண்டுபிடிச்சிட்டான். பிடுங்கிட்டு அவனை உள்ளே தள்ளிப் பூட்டினேன். போலீஸ்ல சொல்றேன்னு கத்தினான்... லீவரை இழுத்துட்டேன். சாவி கையில இருந்தது... சர்வரை நீங்க தூக்கிட்டுப் போயிட்டீங்க. புதுசு என்னன்னு தெரிஞ்சாதானே புரோகிராம் எழுதித் தர்றவன் எழுதுவான்?"

யூ-ஃபாங் அவர் எதிரே குனிந்தாள்.

"கதவைத் தட்டினானா?"

லியாவ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கேக்கறேன்ல... தட்டினானா?"

"...ரொம்ப நேரம்."

அவள் நிமிர்ந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். தோள்கள் குலுங்கின.

கான்ஸ்டபிள்கள் விலங்கு மாட்டி லியாவை வெளியே கூட்டிப் போனார்கள். பாங் தொண்டையைச் செருமினார்.

"அது சரிம்மா... உண்மையிலேயே அங்க எது ஓடுது?"

"டெபியன் சார்."

"டெபியனா?" பாங்கும் ஷியும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே குரலில் கத்தினார்கள். "எங்களைக் கேக்காம எப்படிப் போடலாம்? முதல்ல அதை அழி!"

யூ-ஃபாங் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பினாள். அவள் பார்த்த பார்வையைப் பார்த்த நியே, படியிறங்கும் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டாள்.

"ஏம்ப்பா, ஜீப்புல இன்னொரு ஜோடி விலங்கு இருக்கா பாரு. இந்தப் பொண்ணுக்கு இன்னும் அஞ்சு நிமிஷத்துல தேவைப்படும்!"