ஐந்தாவது குடம்

"கைய உள்ள வையிம்மா. நுரை பட்டா ராத்திரி பூரா அரிக்கும்."

"ஆத்துத் தண்ணிதானேண்ணா?"

"ஆத்துத் தண்ணிங்கிறதாலதான் சொல்றேன்," என்றார் பரிசல்காரர் கோவிந்தப்பன். துடுப்பில் ஒட்டிக்கொண்டு வந்த நுரையில் கோழி இறகு ஒன்று சிக்கியிருந்தது.

பூங்கொடி சிரித்தபடி கையை இழுத்து, மடியிலிருந்த பித்தளைக் குடத்தின் மேல் வைத்துக்கொண்டாள். எதிரே இருந்த அவள் கணவன் மோகன்குமார் சிரிக்கவில்லை.

2006இல் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல். தென்பெண்ணைக் கரையிலுள்ள பழைய கோயில்களைப் பரிசலில் ஆற அமரப் பார்த்துவரலாம் என்று மூக்கண்டப்பள்ளியிலிருந்து கிளம்பியிருந்தார்கள். முதல் கோயிலில் புளிசாதம் சாப்பிட்டாயிற்று. அடுத்தது, ஆற்று நடுவே பாறைத்திட்டில் பூசாரி இல்லாமல் நிற்கும் அம்மன் கோயில்.

அங்கே ஒரு வழக்கம் உண்டென்று பக்கத்து வீட்டு நஞ்சம்மா சொல்லியிருந்தாள். கர்ப்பிணிக்கு எத்தனை மாதமோ அத்தனை குடம் ஆற்று நீரை அம்மன் மேல் ஊற்ற வேண்டும். வெளிச்சுவரின் கோமுகம் வழியே வடிவதை ஒரு கை அள்ளிக் குடிக்க வேண்டும். பிள்ளை தங்கும்.

பூங்கொடிக்கு இது ஐந்தாம் மாதம். முந்தைய இரண்டும் ஐந்தாம் மாதத்தில்தான் கலைந்தன.

மோகன்குமாருக்கு அந்தத் தண்ணீரைத் தெரியும். ஆற்றின் மேல்பக்கம், அவன் வேலை பார்க்கும் கம்பெனியின் கழிவுத் தொட்டி வால்வை மழை நாட்களில் ஆற்றுக்குத் திறந்துவிடுபவன் அவன்தான். மனைவியிடம் 'மெயின்டனன்ஸ்' என்று மட்டும் சொல்லிவைத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை நல்ல மழை.

திட்டில் இறங்கியதும் வாடை முகத்தில் அப்பியது. அழுகிய முட்டை, கருகிய ரப்பர், அவற்றுக்கு அடியில் வாந்தியை வரவழைக்கும் ஒரு தித்திப்பு. மூன்று முறை சோப்புப் போட்டாலும் அவன் நகக்கண்ணில் தங்கிவிடும் அதே வாடை. பாறை இடுக்கில் மீன்கள் உப்பி, வெளுத்த வயிற்றைக் காட்டிக் கிடந்தன.

குடம் நிரப்புவது அவன் பாடாயிற்று. நுரையை விலக்கினான், அது மறுபடி வந்து மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. கருவறை வாசலில் அவள் வாங்கி ஊற்றினாள். ஒன்று. இரண்டு. மூன்று. வெளியே கோமுகத்தில் ஒரு சொட்டும் வரவில்லை.

"தண்ணி எங்க போகுது?" என்று கிசுகிசுத்தான்.

"அம்மா குடிக்கிறாங்க," என்றாள் பூங்கொடி, பூரிப்போடு.

ஐந்தாவது குடத்தை ஊற்றும்போது அவனுக்கும் கேட்டது.

மடக், மடக்கென்று ஒரு தொண்டை விழுங்கும் சத்தம்.

பிறகு குமட்டும் சத்தம்.

இருவரும் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். கோமுகம் இருமியது. கருப்பாக, கொழகொழவென்று, உடம்புச் சூட்டோடு வந்தது. அதில் மயிர் இழைகள் மிதந்தன. பூங்கொடி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

"குடிக்காத."

"ஏங்க?"

"அழுக்கா இருக்கு."

"சாமி குடுக்கிறதுல என்ன அழுக்கு? இந்தப் பிள்ளையாவது தங்க வேணாமா?"

கை உதட்டருகே போய்விட்டது. மோகன்குமார் ஓங்கித் தட்டினான். சிதறியதில் ஒரு துளி அவன் நாக்கில் பட்டது. தித்தித்தது.

"அது நான் திறந்துவிட்டது, பூங்கொடி. கம்பெனிக் கழிவு. நாலு வருசமா நான்தான்."

அவர்கள் வீட்டுக் குடிநீர் ஆற்றோரத்து போர்வெல்லில் இருந்துதான் வருகிறது.

"அந்த ரெண்டு தடவையும்?"

இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் பொத்திக்கொண்டு, அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

யாரும் ஊற்றவில்லை. ஆனாலும் உள்ளே விழுங்கும் சத்தம் மறுபடி தொடங்கியது.

மடக்.

மடக்.

நின்றது.

கோமுகத்தின் துளையிலிருந்து ஒரு கை வந்தது. ஒரு கை நுழையும் அளவு துளை அல்ல அது. ஊறி வெளுத்து, மீன் வயிறு போல உப்பிய கை. குழித்த உள்ளங்கையில் கருப்பு நீர். விரலிடுக்கில் நுரை வழிந்தது. அவன் யூனிஃபார்ம் வாடை.

கை நேராக அவன் வாய்க்கு முன்னால் நீண்டு நின்றது.

கோமுகத்துக்குள்ளிருந்து குரல் வந்தது: "நீ ஒரு வாய் குடிச்சுக் காட்டுப்பா."