கூடவே போகும் வரிகள்

ஜெரால்டுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ள வேண்டும். அது அந்த வீட்டுச் சட்டம். அன்று காலை இட்லித் தட்டோடு வந்த அவன் மனைவி ஷெரின் ஒரு காலில் நீலச் செருப்பும் மறு காலில் பச்சைச் செருப்பும் மாட்டியிருந்தாள். ஜெரால்டு பார்த்துவிட்டான். அவன் உதட்டோரம் நெளிந்தது.

“சிரிக்காதீங்க!”

அவன் சட்டென்று சன்னல் பக்கம் திரும்பி, தூரத்தில் தெரிந்த துறைமுகத்துக் கிரேன்களை வெறித்தான். சிரிப்பு அடங்கியதும் திரும்பி உட்கார்ந்து இட்லியைப் பிட்டான். ஷெரின் அடுப்படிக்குள் போய்ச் செருப்பை மாற்றிக்கொண்டு வந்தாள்.

நரம்புக் காய்ச்சல் வந்துபோன வருடத்தில் தூத்துக்குடியில் தெருவுக்கு நாலைந்து பேருக்காவது மூச்சு தானாக வருவது நின்றுபோனது. ஜெரால்டும் அவர்களில் ஒருவன். விலாவுக்குக் கீழே பதித்த மூச்சுமுடுக்கிதான் அவனுக்கு மூச்சு வாங்கி மூச்சு விடுகிறது. நடக்கலாம், தூங்கலாம், பேசலாம், தும்மக்கூடச் செய்யலாம். சிரிக்க மட்டும் கூடாது. வயிறு குலுங்கிச் சிரித்தால் முடுக்கி அதை ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும். அந்த இடைவெளியில் முகம் நீலம் பாரித்துவிடும். சிலர் அந்த இடைவெளியிலிருந்து திரும்பி வரவே இல்லை. அதனால் ஊரில் கல்யாண வீடுகளில்கூடக் கேலி பேசுவதை விட்டுவிட்டார்கள். அப்பா வரும் சத்தம் கேட்டால் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிடும்.

முடுக்கிக்குள் ஓடும் ‘வளி’ என்ற மென்பொருளுக்கு முதலாளி என்று யாரும் கிடையாது. அது திறமூலம். யார் வேண்டுமானாலும் நிரலைப் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். சம்பளமில்லாமல் உலகமெங்கும் ஆயிரக்கணக்கானவர்கள் உழைக்கிறார்கள். ஆனால் மூச்சின் தாளத்தைப் பார்த்துக்கொள்ளும் பகுதியை எழுதியவர் ஒரே ஒருவர், கிரிதரன். ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த நாட்களில் கண் மூடாமல் உட்கார்ந்து எழுதினார். அவர் இல்லையென்றால் ஜெரால்டு இல்லை. இது ஷெரினுக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான புதிதில் அவருக்கு நன்றி சொல்லி மடல்கூட அனுப்பியிருந்தாள். பதில் வரவில்லை.

இன்று அதே கிரிதரன் மேல் வந்த புகாரை அவள் விசாரிக்க வேண்டும். வளிச் சமூகத்தின் நடத்தைக் குழுவில் மூன்று பேர், அதில் அவளும் ஒருத்தி. வீட்டில் முடுக்கி வைத்தவர் யாரும் இல்லாத ஆள்தான் குழுவில் இருக்கலாம் என்று விதி போட்டால் குழுவுக்கு ஆளே கிடைக்காது.

திரை விழித்தது. வேலூரிலிருந்து தலைவர் மோகனசுந்தரம், முகத்தைக் காட்டாத மூன்றாவது உறுப்பினர், டொராண்டோவிலிருந்து கிரிதரன், ஓசூரிலிருந்து புகார் கொடுத்த இந்துஜா. மோகனசுந்தரம் வழக்கம்போல் நடத்தை நெறியை வாசித்தார். ஒருவரையும் அவமதிக்க மாட்டோம், புதியவரைக் கைதூக்கி விடுவோம் என்று பூசை மந்திரம் மாதிரி ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

பிறகு கிரிதரன் எழுதிய வரிகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. ‘இந்த மூளையை வைத்துக்கொண்டு வீட்டில் கீரை ஆய்ந்திருக்கலாமே.’ ‘இவர்களுக்கெல்லாம் யார் கணினி வாங்கித் தருகிறார்கள்?’ எல்லாம் சமூகம் முழுக்கப் பார்க்கிற பொதுவெளியில் எழுதியவை. எந்த நிரலைப் பார்த்து இதை எழுதினார் என்பது கறுப்புப் பட்டையால் மறைக்கப்பட்டிருந்தது. குழு சொல்லைத்தான் பார்க்கும், நிரலைப் பார்க்காது. நிரல் நல்லதா கெட்டதா என்று பார்த்தால் நியாயம் சாய்ந்துவிடும் என்று வைத்த வழக்கம் அது.

“ஐயா திட்டினது உண்மைதானுங்களே?” என்றார் மோகனசுந்தரம்.

“உண்மைதான். நேரமில்லாதவன் சுருக்கமாகத்தான் பேசுவான்,” என்றார் கிரிதரன். அவர் குரலில் பதற்றமே இல்லை.

ஏன் இருக்கப்போகிறது? சமூகத்தின் உரிமத்தில் உடன்விலகல் என்றொரு விதி உண்டு. ஒருவரை வெளியேற்றினால் அவர் எழுதிய வரிகளும் அன்று மாலைக்குள் எல்லாச் சாதனங்களிலிருந்தும் கூடவே போய்விடும். ஆளைத் துரத்திவிட்டு அவர் உழைப்பை வைத்துப் பிழைக்கக்கூடாது என்று நல்ல மனதோடு எழுதிய விதி. அதே விதி இன்று கிரிதரனுக்குக் கவசம். அவர் வரிகள் போனால், அடுத்து வரிசையில் எந்தத் திருத்தம் நிற்கிறதோ அது உள்ளே வரும். அது சரியில்லையென்றால் ஜெரால்டின் மூச்சு நிற்கும். அதனால் அவர் மேல் வந்த புகார்கள் எல்லாம் ‘சமரசம்’ என்றே முடிந்தன. அவற்றில் ஒன்றில் ஷெரினின் கையெழுத்தும் இருந்தது.

“இதையும் சுமுகமா முடிச்சிரலாம்மா. அவர் வருத்தம் தெரிவிப்பார்,” என்றார் மோகனசுந்தரம் இந்துஜாவிடம்.

“வருத்தமெல்லாம் வேண்டாங்க சார். திட்டினதை விடுங்க. எதுக்குத் திட்டினார்னு ஒரு தடவையாவது பாருங்க.”

“அது நம்ம வழக்கம் இல்லியேம்மா.”

ஷெரினின் விரல் அந்தக் கறுப்புப் பட்டையின் மேலேயே நின்றது. குழு உறுப்பினர் நினைத்தால் அதை விலக்கலாம். இதுவரை யாரும் நினைத்ததில்லை, அவ்வளவுதான். அவள் விலக்கினாள்.

நிரலை முழுதாகப் புரிந்துகொள்ள அவளுக்கு வரவில்லை. ஆனால் மேலே இந்துஜா எழுதியிருந்த குறிப்பு பச்சைத் தமிழில் இருந்தது. சிரிப்பைக் கோளாறாக எடுத்துக்கொள்ளாதிருக்க ஒரு திருத்தம். கீழே கிரிதரனின் மறுப்பு: ‘சிரிப்பு உயிர்த்தேவை அல்ல.’ ஷெரின் பழைய புகார்களைத் திறந்து ஒவ்வொரு பட்டையாக விலக்கினாள். திருச்சிக்காரர் ஒருவர், பினாங்கிலிருந்து ஒரு பெண், இன்னும் சிலர். எல்லோரும் கைவைத்தது அந்த ஒரே இடத்தில்தான். எல்லோரையும் அவர் அந்த இடத்திலிருந்துதான் விரட்டியிருந்தார். அவள் கையெழுத்துப் போட்ட புகாரும் அதுதான்.

“ஐயா, இத்தன பேரு சொல்லியும் ஏன் கேக்கல?” என்றாள்.

“ஓடுகிற தாளத்தில் கைவைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் பிணங்களைப் பார்த்தவன். நீங்கள் யாரும் பார்க்கவில்லை.”

அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பயம் அவர் முகத்தில் நிஜமாகவே இருந்தது. அதைத்தான் இத்தனை வருடமும் அடுத்தவர் தலையில் வசவாகக் கொட்டியிருக்கிறார்.

“நாங்க சோதிச்சிட்டோம்,” என்றாள் இந்துஜா. “முன்ன புகார் கொடுத்தவங்க எல்லாரும் சேர்ந்து தாளத்தையே புதுசா எழுதினோம். எங்களுக்கும் முடுக்கி இருக்குங்க, எங்க உடம்புலயே போட்டுக்கிட்டோம். வெளிய சொல்லத்தான் பயம். மறுபடி திட்டு வாங்கத் தெம்பில்லைங்க.”

மோகனசுந்தரம் பதறிப்போய் எழுந்ததில் அவருடைய கேமரா சரிந்து கீழே பார்த்தது. மேலே கஞ்சி போட்ட சட்டை, கீழே வெறும் கோடு போட்ட பட்டாபட்டி. இந்துஜா வாயைத் திறந்து கடகடவென்று சிரித்தாள். தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“ஐயோ, நிறுத்தும்மா!” என்று ஷெரின் கத்திவிட்டாள். கிரிதரனின் கை தன் விலாவுக்குப் போனது. அவருக்கும் முடுக்கி உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. ஒருவரும் அசையவில்லை. இந்துஜா சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்து, நிதானமாக மூச்சு வாங்கினாள்.

கிரிதரனை வெளியேற்றுவதா என்று வாக்கெடுப்பு வந்தது. மோகனசுந்தரம் வெளியேற்ற வேண்டாம் என்றார். மூன்றாவது உறுப்பினர் வேண்டும் என்றார். திரையில் ‘உங்கள் வாக்கு?’ என்ற எழுத்து ஷெரினைப் பார்த்துக் கண்சிமிட்டியது. வேண்டும் என்றால் மாலைக்குள் கிரிதரனின் வரிகள் போய் இந்துஜாவின் திருத்தம் எல்லார் முடுக்கியிலும் ஏறிவிடும். சில பேர் உடம்பில் ஓடியது எல்லார் உடம்பிலும் ஓடுமா?

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஜெரால்டு நாற்காலியை இழுத்துப் போட்டான். “எனக்கு மொதல்ல அந்தத் திருத்தத்தப் போடச் சொல்லு. சரியா வரலன்னா மத்தவங்களுக்குப் போட வேண்டாம்லா.”

“உங்களுக்கு என்ன பைத்தியமா?”

“வேற யாரு வீட்டு ஆளுக்குப் போட்டுப் பாக்கப் போற, சொல்லு.”

மோகனசுந்தரம் வேலூரிலிருந்தே ஷெரினின் தெருமுனை மருத்துவமனைக்குச் சொல்லி ஆம்புலன்ஸ் வண்டியை அவள் வாசலில் நிறுத்தினார். இந்துஜா திருத்தத்தை அனுப்பினாள். ஷெரின் கணவனின் சட்டைப் பொத்தானைக் கழற்றி விலாவில் உள்ளங்கையை வைத்தாள். அவளுக்குத் தன் தாளத்தைவிட அவன் தாளம்தான் நன்றாகத் தெரியும்.

விலா மேலே போனது. நின்றது. நின்றே இருந்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இயேசுவே என்றுகூட வாயில் வரவில்லை. பிறகு உள்ளங்கைக்குக் கீழே விலா மெல்ல இறங்கி, கொஞ்சம் வேறு மாதிரியான, பழகாத ஒரு தாளத்தில் மறுபடி ஏறியது. மறுபடி இறங்கியது. அவள் அப்படியே விறைத்துப்போய் இருந்தாள்.

“ஏட்டி,” என்றான் ஜெரால்டு, “நீ மொதல்ல மூச்ச விடு. மொகமெல்லாம் நீலமாப் போச்சு. அந்தச் செருப்பு மாதிரியே.”

சொன்னவனுக்கே அது தாங்கவில்லை. முதலில் தொண்டையில் ஏதோ சிக்கியது மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஷெரினின் கை பழக்கத்தில் அவன் வாயைப் பொத்தப் பாய்ந்தது. “சிரிக்காதீங்க, சிரிக்காதீங்க” என்று நாக்கு தானாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. அவன் அவள் கையைப் பிடித்து விலக்கிவிட்டு, மேஜையில் சாய்ந்து, இருமலும் கேவலுமாகச் சிரித்தான்.

காய்ச்சலுக்குப் பிறகுதான் அவர்களுக்குக் கல்யாணம் ஆனது. அவன் சிரிக்கும் சத்தத்தை அவள் இதற்குமுன் கேட்டதே இல்லை. யாரோ அந்நியன் வீட்டுக்குள் வந்துவிட்டது போல அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரையில் ‘உங்கள் வாக்கு?’ இன்னும் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.