சீதளா சப்தமியில் ஏற்றிய விளக்கு

"தீ இல்லாம இதை நிமிர்த்த முடியாது, பென்."

"இன்னைக்கா தீ? சும்மா கையால வளைச்சுக் குடுங்க."

"வளைக்கலாம். ரெண்டா உடையும். மாத்தி மாத்தி ஒவ்வொரு கண்ணுலயா வச்சுப் பார்த்துக்குவீங்களா?"

ஊர்மிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கினாள். கோண்டல் கடைவீதியில், ஆவணி மழையில், ஸ்கூட்டர் சறுக்கி விழுந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முழங்கை எரிந்தது. கோணிப்போன மூக்குக்கண்ணாடியோடு முதலில் தென்பட்ட கண்ணாடிக் கடைக்குள் நுழைந்திருந்தாள்.

கண்ணாடி இல்லாமல் அவளுக்கு உலகமே தண்ணீரில் கரைந்த சாயம்தான். எதிரே இருந்தவன் ஒரு நீலச் சட்டை... அதற்கு மேலே ஒரு மங்கல். ஆனால் அந்தக் குரல் மட்டும் துல்லியமாக இருந்தது. ஈரத்தில் நடுங்குகிறவளுக்கு யாரோ உலர்ந்த துண்டை நீட்டியது போல...

"அப்புறம், என்னை அக்கா தங்கச்சி மாதிரி பென்னுன்னு கூப்பிடாதீங்க. நான் என்ன உங்க கூடப் பிறந்தவளா?"

"பேர் தெரியாதவங்களை வேற எப்படிக் கூப்பிடறது?"

"ஊர்மி."

"நான் நிமேஷ். பேர் சொல்லிட்டேன், இனி உடைஞ்சா ஊரெல்லாம் என்னைத்தான் திட்டும்."

இந்தக் குரலுக்கு முகம் எப்படி இருக்கும்... அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது. மங்கலுக்குள் ஸ்பிரிட் விளக்கின் சிறிய நீலச் சுடர்.

அம்மைக்குத் தெய்வமான சீதளா தாயின் நாள் அது. நேற்றே சமைத்து, அடுப்பை ஆற வைத்துக் கும்பிட்டு, இன்று ஆறின தேப்லா ரொட்டியும் தயிருமாகச் சாப்பிடுகிற நாள். தாய் வந்து அந்தக் குளிர்ந்த சாம்பலில் புரள்வாள். சுட்டால் கோபித்துக்கொள்வாள்.

"அணைங்க அதை. எங்க வீட்டுல அண்ணன் குழந்தைக்கு அம்மை இறங்கிப் பத்து நாள்தான் ஆச்சு..." பயத்தில் அவள் நாக்கு கூர்மையானது. "உங்க வீட்டுல அடுப்பை ஆற வைக்க ஒரு பொம்பளை இல்லையா? பெத்தவ இதையெல்லாம் சொல்லிக் குடுக்கலையா?"

விளக்கு மட்டும் மெல்ல எரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவனே கண்ணாடியைத் துடைத்து அவள் காதுகளில் மாட்டிவிட்டான், விரல் படாமல். உலகம் திரும்பி வந்தது. முதலில் அவன் கண்கள்... அழுது, முகம் கழுவி, ஒன்றும் இல்லை என்று சொல்லிப் பழகிய கண்கள். பிறகு மொட்டையடித்து இப்போதுதான் துளிர்த்திருந்த முடி. அவனுக்குப் பின்னால் சுவரில், சந்தன மாலை போட்ட ஒரு அம்மாவின் படம். மாலை புத்தம் புதியது.

துக்க வீட்டுக்கு அந்த வருஷம் பண்டிகை கிடையாது. ஊரில் யாருக்குத்தான் தெரியாது?

"சரியா உக்காருதா?" என்று கேட்டான்.

"ம்..."

மழையிலேயே வெளியேறினாள்.

அதன்பின் ஊர்மி அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனாள். கடைக்கு வந்தவள் ஏதோ சொன்னாள், அவன் மறந்திருப்பான்... என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கண்ணாடியோ ஒரு நாளும் நழுவவில்லை. நவராத்திரியில் ஆரத்தி நேரத்தில் அவன் ஆட்டக்களத்தைச் சுற்றிய கயிற்றுக்கு வெளியே, தூரத்தில் நிற்பதைப் பார்த்தாள். அவன் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது அவள்தான். அன்று முழுக்க கர்பா வட்டத்தில் அவள் கைத்தாளம் தப்பிக்கொண்டே இருந்தது.

தீபாவளி போய், அதற்கு மறுநாள் ஊர் வழக்கப்படி புத்தாண்டு விடிந்தது. ஊரே வீடு வீடாக வாழ்த்துச் சொல்லப் புறப்பட்டிருந்தது. எல்லாக் கடை வாசலிலும் வண்ணக் கோலம். ஒரு வாசல் மட்டும் வெறுமையாக இருந்தது. அங்கே ஷட்டர் பாதி தூக்கியிருந்தது.

ஊர்மி குனிந்து உள்ளே போனாள். அட்டைப்பெட்டிகள்...

"கடை லீவுங்க," என்றான் நிமேஷ், திரும்பாமல். "இனி திறக்கவும் மாட்டேன். சூரத்துல மாமா கடைக்குப் போறேன்."

"நிமேஷ்..."

திரும்பினான். முடி நன்றாக வளர்ந்திருந்தது. கண்கள் மட்டும் அப்படியே.

"அன்னைக்கு நான் பேசினது... எனக்குக் கண்ணு தெரியல."

"தெரியுமே. கண்ணாடி என் கையிலதானே இருந்துச்சு."

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

"சொன்னா அழுதிருப்பீங்க. அழுற கண்ணுக்கு எந்தக் கண்ணாடியும் உதவாது." பெட்டியின் கயிற்றை விரலில் சுற்றினான். "அன்னைக்கு எங்க வீட்டுலயும் அடுப்பு பத்த வைக்கல, ஊர்மி. பச்சைத் தண்ணியிலதான் குளிச்சேன். அம்மா இருந்தா அப்படித்தானே... விளக்கு உங்களுக்காக ஏத்தினேன். அணைச்சா, கோபத்துல கண்ணு தெரியாம வண்டியை எடுத்துட்டுப் போயிடுவீங்களோன்னு பயம்."

அவளால் நிமிர முடியவில்லை.

"குழந்தை நல்லா இருக்கானா?"

நினைவு வைத்திருக்கிறான்... அந்தச் சுடுசொல்லோடு சேர்த்து, குழந்தையையும்.

"ஓடறான். பிடிக்க முடியல." அவள் குரல் உடைந்தது. "ரெண்டரை மாசமா இந்தத் தெருவைச் சுத்திப் போறேன். வெட்கம்னுதான் நினைச்சேன். வெட்கம் மட்டும் இல்ல... முகத்தைப் பார்க்கறதுக்கு முன்னாடியே உங்களைப் பிடிச்சுப்போச்சு. அப்படிப் பிடிச்ச குரலை நானே அடைக்க வச்சுட்டேன்."

வெளியே யாரோ யாருக்கோ வாழ்த்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். நிமேஷ் சுற்றிய கயிற்றை அவிழ்த்தான். மறுபடி சுற்றினான்.

"மன்னிக்கச் சொல்லிக் கேக்கல," என்றாள் ஊர்மி. "கேக்க எனக்கு வாய் இல்ல. ஒண்ணே ஒண்ணு... லாப பஞ்சமிக்கு எல்லாரும் மறுபடி கடையைத் திறப்பாங்க இல்லையா? அந்த ஒரு நாள் மட்டும் நீங்களும் திறங்க. கோலம் நான் போடறேன், விடியறதுக்கு முன்னாடியே வந்துடறேன். அப்புறம் சூரத் போறதுன்னா போங்க... திறப்பீங்களா, நிமேஷ்?"